விடுமுறையில் எல்லோரையும் பார்த்துவிட்டுத் திரும்பினால் மனம் ஏன் இப்படிக் கனக்கிறது?

நீலவானம்

அப்பா அம்மா, அக்கா குடும்பம், பள்ளிக்கால நண்பர்கள் என்று எல்லோரையும் பார்த்துவிட்டு இந்த வாரம்தான் திரும்பி வந்திருக்கிறோம். பயணம் நல்லபடியாகவே போனது. மனஸ்தாபம் எதுவும் இல்லை, யாருக்கும் உடம்பு முடியாமல் போகவில்லை, பார்க்க நினைத்தவர்களில் பெரும்பாலானோரைப் பார்த்தாயிற்று. ஆனாலும் வந்ததிலிருந்து எதிலும் மனம் ஒட்டவில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், அவ்வளவுதான். இது நானே விரும்பித் தேர்ந்தெடுத்த வாழ்க்கை, இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்படியிருந்தும் ஏன் இந்தக் கனம்?

அம்மா ஒரே சாயங்காலத்தில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். முதலில் கேட்டது அவருக்கு நினைவே இல்லை. அப்பா வீட்டுக்குள் சுவரைத் தொட்டுக்கொண்டே நடக்கிறார். இத்தனை நாள் போனில் பேசியதில் இது எதுவுமே தெரியவில்லை. அக்காவிடம் கேட்டால் "வயசாகுதுல்ல" என்கிறாள். என் நெருங்கிய தோழியைப் பார்த்ததிலும் ஒரு வருத்தம். பழைய கதையெல்லாம் பேசிச் சிரித்து முடித்ததும் சட்டென்று மௌனம். அடுத்து என்ன பேசுவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. அப்புறம் என் ஆறு வயது மகள், தினமும் படுக்கப் போகும்போது தாத்தா வேண்டும் என்று அழுகிறாள்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கேயே போய் இருந்துவிடலாமா என்று நேற்று கணவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அவருக்கும் அந்த எண்ணம் இருக்கிறதோ என்னவோ. இப்படிப் போய்வந்தவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள், சொல்லுங்கள்.

வழிப்போக்கன்

சகோதரி, முதலில் ஒன்று. நேர மண்டலங்களைத் தாண்டிய பயணமா? எந்தத் திசையில் திரும்பினீர்கள்? தூக்கம் எப்படி இருக்கிறது?

நீலவானம்

கிழக்கு நோக்கித் திரும்பினோம், ஏழெட்டு மணி நேர வித்தியாசம். ராத்திரி இரண்டு மணி வரை தூக்கம் வருவதில்லை. காலையில் எழுந்திருக்க முடியவில்லை.

வழிப்போக்கன்

அப்படியானால் கனத்தில் ஒரு பங்கு உடம்பிலிருந்து வருகிறது. மனித உடலின் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளமாக ஓடுகிறது. 1999-ல் ஹார்வர்டில் சார்லஸ் சைஸ்லர் குழுவினர் கடிகாரமும் சூரிய வெளிச்சமும் இல்லாத அறைகளில் ஆட்களைத் தங்க வைத்து அளந்தபோது சராசரி 24 மணி 11 நிமிடம் என்று வந்தது. நாளை நீட்டுவது இந்த உடம்புக்குச் சுலபம், சுருக்குவதுதான் கஷ்டம். மேற்கே போகும்போது நாள் நீளும், கிழக்கே வரும்போது சுருங்கும். அதனால்தான் கிழக்குப் பயணம் அதிகமாக அடித்துப் போடுகிறது. ஒரு நேர மண்டலத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம்தான் மருந்து, ஆனால் நேரம் பார்த்து. ஏழெட்டு மண்டலம் தாண்டியிருந்தால் முதல் சில நாள் அதிகாலை வெளிச்சம் கடிகாரத்தை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். கொஞ்சம் ஏறிய பகலில் வெளியே போய் நடங்கள், ஒவ்வொரு நாளும் அந்த நேரத்தை முன்னுக்குக் கொண்டு வாருங்கள். ராத்திரி திரையைப் பார்க்காமல் விளக்கைக் குறைத்து வையுங்கள். தூக்கம் சரியாகும் வரை இடம் மாறுவது பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள், கணவரையும் எடுக்க விடாதீர்கள். தூக்கம் கெட்ட தலைக்கு எல்லாமே இருட்டாகத்தான் தெரியும்.

கூடுதேடி

வழிப்போக்கன் அண்ணா சொன்னது சரிதான். ஆனால் தூக்கம் சரியானாலும் இது முழுசாகப் போகாது, சகோதரி. போகவில்லையே என்று பயந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

விடுமுறையின் பலன் எவ்வளவு நாள் நிற்கும் என்று ஆராய்ந்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் ஜெரோன் நாவைன் குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வில், போவதற்கு முந்தைய எதிர்பார்ப்பில்தான் மக்கள் அதிக மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு, போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மிகவும் நிம்மதியாக விடுமுறை கழிந்தவர்களுக்கு மட்டும் கொஞ்ச காலம் அந்தச் சந்தோஷம் தங்கியது. ஜெசிகா டி ப்ளூம் என்ற ஆய்வாளர் நீண்ட விடுமுறை எடுத்தவர்களைத் தொடர்ந்து கவனித்தார். எட்டாம் நாள் வாக்கில் நலம் உச்சிக்குப் போகிறது, வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பழைய நிலைக்கு இறங்கிவிடுகிறது.

இதெல்லாம் பொதுவாக ஓய்வுக்குப் போகிறவர்களைப் பற்றியது. கடற்கரையிலிருந்து திரும்புகிறவர் விட்டுவிட்டு வருவது கடலை. நீங்கள் விட்டுவிட்டு வந்திருப்பது வயதாகிக்கொண்டிருக்கும் இரண்டு பேரை. அந்த வருத்தத்தை 'விடுமுறை முடிந்த சோர்வு' என்று சொல்லித் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஓய்வுக்குப் போனவரின் கனம் தானாக வடியும். உங்களுடையதில் ஒரு பகுதி, ஏதாவது செய்தால்தான் வடியும்.

இன்னொன்றும் உண்டு. அங்கே நீங்கள் பார்த்தது அவர்களுடைய அன்றாடத்தை அல்ல. உங்களுக்காக அக்கா லீவு போட்டிருப்பார், நண்பர்கள் வேலையை ஒதுக்கிவிட்டு வந்திருப்பார்கள். நிரந்தரமாகப் போய்ச் சேர்ந்தால் அந்த நெருக்கம் தினமும் கிடைக்காது. 1963-லேயே ஜான் குல்லாஹார்ன், ஜீன் குல்லாஹார்ன் என்ற இரு ஆய்வாளர்கள், வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டுச் சொந்த இடத்துக்குத் திரும்புகிறவர்கள் முதலில் போன இடத்தில் பட்ட அதே தடுமாற்றத்தை மறுபடி படுவதை எழுதினார்கள். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. விடுமுறையில் பார்த்ததை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம்.

பின்வாசல்

நான் மறுபக்கத்தில் இருப்பவள். எங்கும் போகவில்லை, அப்பா அம்மாவோடு இருக்கிறேன். தம்பியும் அவன் குடும்பமும் விடுமுறைக்கு வருவார்கள், போவார்கள்.

போகிறவர்களுக்கு மட்டும்தான் கனம் என்று நினைக்காதீர்கள். வண்டி கிளம்பியதும் வீட்டுக்குள் திரும்பி நடக்கிறவர்களுக்கு அந்த வீடு சட்டென்று பெரிதாகிவிடும். படுக்கைகளை மடிப்பது, கூடுதல் நாற்காலிகளை எடுத்து வைப்பது, குழந்தை எங்கேயோ விட்டுப்போன விளையாட்டுச் சாமானைக் கண்டெடுப்பது எல்லாம் எங்கள் வேலை. அம்மா அன்றைக்கு யாரிடமும் பேச மாட்டார். அப்பா செய்தித்தாளைப் பிரித்தபடி வைத்திருப்பார், பக்கம் திரும்பாது. போய்ச் சேர்ந்தாயிற்று என்று தம்பியிடமிருந்து தகவல் வரும் வரை யாரும் சரியாகத் தூங்குவதில்லை.

உங்கள் அக்கா "வயசாகுதுல்ல" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் திடீரென்று பார்த்து அதிர்ந்த மாற்றத்தை அவர் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். கூடவே இருப்பவர் கண்ணுக்கு மாற்றம் சீக்கிரம் தெரியாது. இல்லையென்றால், தெரிந்திருக்கும், அதைத் தனியாகச் சுமக்க முடியாமல் அப்படிச் சொல்லியிருப்பார். என் தம்பி ஒரு தடவை வந்த மூன்றாம் நாளே "அம்மாவை டாக்டர்கிட்டக் காட்டவே இல்லையா?" என்று கேட்டான். அக்கறையில்தான் கேட்டான். ஆனால் அத்தனை நாள் நான் பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்பது போல அது விழுந்தது.

அடுத்த முறை அவன் வேறு மாதிரி கேட்டான். "அக்கா, நான் கவனிச்சது இது. உனக்கு என்ன தோணுது? இதுல எந்த வேலைய நான் எடுத்துக்கட்டும்?" என்றான். இப்போது மருந்துக் கணக்கு முழுக்க அவனுடையது. எந்த மாத்திரை எப்போது தீரும் என்று அவன் பார்த்து, வாங்குவதற்கும் அவனே ஏற்பாடு செய்கிறான். மருத்துவரிடம் போகும்போது போனில் சேர்ந்துகொள்கிறான். தூரத்திலிருந்து செய்யக்கூடிய வேலைகள் நிறைய இருக்கின்றன. உங்கள் அக்காவிடமும் இப்படிக் கேளுங்கள். அவர் அழுதாலும் அழுவார், பரவாயில்லை.

இரவுப்பணி

முதியோர் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். நீலவானம், உங்கள் பதிவில் எனக்கு முக்கியமாகப் பட்டது அம்மாவும் அப்பாவும்தான்.

அம்மா விஷயத்தில் உடனே பெரிய முடிவுக்குப் போகாதீர்கள். வீடு நிறைய ஆட்கள், சத்தம், மாறிப்போன தூக்கம், இவையே ஒரு முதியவரைத் தடுமாற வைக்கும். அதே சமயம் 'கேட்டதே நினைவில்லை' என்பதை வயதின் மேல் போட்டு விட்டுவிடவும் கூடாது. பெயர் சட்டென்று வராமல் கொஞ்ச நேரம் கழித்து வருவது வயதில் சகஜம். சற்றுமுன் நடந்த பேச்சு முழுவதுமே மறப்பது, பழகிய இடத்தில் வழி தவறுவது, பணக் கணக்கில் குழம்புவது, மாத்திரையை இரண்டு முறை போடுவது என்றால் மருத்துவர் பார்க்க வேண்டும்.

நினைவுத் தடுமாற்றம் போலத் தெரிவதில் சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல உண்டு. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, சில ஒவ்வாமை மாத்திரைகள் என்று வரிசை போகும். இரத்தப் பரிசோதனையும், போடும் மருந்துகளின் முழுப் பட்டியலும்தான் முதல் படி. காதையும் சோதியுங்கள். காது சரியாகக் கேட்காதவர், பதிலைப் பிடிக்க முடியாமலே மறுபடி கேட்பார். 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சமாளித்தால் உலகில் டிமென்ஷியா (நினைவும் சிந்தனையும் படிப்படியாகக் குறைவது) பாதிப்புகளில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்கிறது. கேட்கும் திறன் குறைவும், கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஒருவேளை திடீரென்று, ஓரிரு நாளில் குழப்பம் வந்தால் அது வேறு கதை. தொற்றாக இருக்கலாம், பக்கவாதமாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் கவனித்தவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். என்ன நடந்தது, எந்த நாள், எந்த நேரம், யார் கூட இருந்தார்கள் என்று. இன்னும் சில வாரத்தில் இது உங்கள் நினைவில் மங்கிவிடும். 'அம்மா மறக்கிறார்' என்று சொன்னால் மருத்துவருக்கு அதில் பிடி கிடைக்காது. 'மாலை ஒரு மணி நேரத்துக்குள் ஒரே கேள்வியை நான்கு தடவை கேட்டார், முதலில் கேட்டது நினைவில்லை' என்றால் கிடைக்கும்.

அப்பாவைப் பற்றி எனக்கு இன்னும் கொஞ்சம் அவசரம் தெரிகிறது. சுவரைத் தொட்டு நடப்பவர் விழப் பயப்படுகிறார் என்று அர்த்தம். ஏற்கெனவே விழுந்தும் இருக்கலாம், பிள்ளைகளிடம் சொல்லாமல். உலக அளவில், விபத்துக் காயங்களால் வரும் மரணங்களில் கீழே விழுவது இரண்டாவது பெரிய காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கண்புரை, பாதத்தில் உணர்வு குறைவு, எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் இறங்குவது, கால் தசை பலவீனம், இதில் எதுவும் இருக்கலாம். வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு எளிய சோதனை உண்டு. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து, தன் வழக்கமான வேகத்தில் 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். பக்கத்தில் ஒருவர் நிற்காமல் இதைச் செய்ய வைக்காதீர்கள்.

மூன்றாம்மாடி

பெரியவர்கள் விஷயத்தை இரவுப்பணி அக்கா தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் தோழி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதைப் பலரும் சின்ன விஷயம் என்று நினைப்பார்கள். எனக்கு அது சின்னதாகத் தெரியவில்லை.

கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக மாற ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும். நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். பள்ளிக்காலத்தில் அந்த மணி நேரங்கள் கேட்காமலே கிடைத்தன. இப்போது கிடைப்பது வருஷத்தில் ஒரு மாலைப்பொழுது. அதில் பழைய கதை முடிந்ததும் மௌனம் வருவது இயல்புதான். அவருடைய இன்றைய நாள் எப்படிப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியாது, உங்களுடையது அவருக்குத் தெரியாது. சின்னச் சின்னத் தகவல்கள் இல்லாமல் பெரிய பேச்சு தொடங்காது.

ராபின் டன்பார், சாம் ராபர்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள், பள்ளி முடித்துப் புது இடங்களுக்குப் போன மாணவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். உறவினர்களோடு இருந்த நெருக்கம் பெரிதாகக் குறையவில்லை, நண்பர்களோடு இருந்தது குறைந்தது. அந்த நட்புகளைக் காப்பாற்றியது பெண்களுக்கு அதிகமும் பேச்சு, ஆண்களுக்கு அதிகமும் சேர்ந்து எதையாவது செய்வது. உறவு காத்திருக்கும், நட்பு அவ்வளவாகக் காத்திருக்காது என்று நான் புரிந்துகொள்கிறேன். அதனால் ஊரிலிருந்து வந்த முதல் வாரத்திலேயே அந்தத் தோழிக்கு எழுதுங்கள். "பார்த்ததில் சந்தோஷம்" என்று பொதுவாக எழுதாதீர்கள். அவர் சொன்ன ஏதாவது ஒன்றைப் பிடித்துக் கேளுங்கள். அவர் மகன் தேர்வு, அவருடைய முதுகுவலி, எதுவானாலும்.

தயக்கமாக இருக்கும். பெக்கி லியூ குழுவினர் 2022-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தயக்கத்தைப் பற்றியதுதான். நாம் தொடர்புகொண்டால் மற்றவர் எவ்வளவு மகிழ்வார் என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். எதிர்பாராத நேரத்தில் வந்த தொடர்புக்கு மகிழ்ச்சி இன்னும் அதிகம்.

கூடுதேடி

மூன்றாம்மாடி, இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. சில நட்புகள் அந்த வயதோடு நின்றுவிடும். அதை இழுத்துப் பிடித்தால் இருவருக்கும் பாரம். எனக்கு அப்படிச் சிலர் இருக்கிறார்கள், எப்போதாவது பார்த்தால் சந்தோஷம், அதற்குமேல் எதிர்பார்ப்பதில்லை.

மூன்றாம்மாடி

எல்லா நட்பையும் சொல்லவில்லை. நீலவானம் 'நெருங்கிய தோழி' என்று எழுதியிருக்கிறார், அந்த மௌனத்தை ஊர் தாண்டி இங்கே வரை சுமந்து வந்திருக்கிறார். விட்டுவிடக்கூடிய நட்பாக இருந்தால் அது இவ்வளவு உறுத்தாது.

கூடுதேடி

சரி, அது நியாயம்.

வழிப்போக்கன்

குழந்தையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அழ விடுங்கள் சகோதரி. "அடுத்த வாரம் போகலாம்" என்று பொய்ச் சமாதானம் மட்டும் வேண்டாம். பிரிவுக்கு அழுவது அந்த வயதில் ஆரோக்கியமான விஷயம், தாத்தாவோடு ஒட்டியிருக்கிறாள் என்று அர்த்தம். என் பேத்திக்கும் எனக்கும் நடுவே பெரிய தூரம். "நல்லா இருக்கியா, சாப்பிட்டியா" என்ற வீடியோ அழைப்பில் அவள் ஒரு நிமிஷத்தில் எழுந்து ஓடிவிடுவாள். இப்போது ஒரே கதைப்புத்தகம் இரண்டு வீட்டிலும் இருக்கிறது. ஒரு பக்கம் நான் படிப்பேன், அடுத்த பக்கம் அவள். படுக்கப் போகும் நேரத்தில், வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கம் 2016-ல், ஒன்றரை வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்று சொன்னபோதுகூட வீடியோ அழைப்பை மட்டும் விலக்காக வைத்தது. மறுமுனையில் உயிருள்ள ஒருவர் பதில் சொல்வது குழந்தைக்குத் தெரியும். உங்கள் மகள் ஆறு வயது, நன்றாகவே படிப்பாள்.

தாத்தாவுக்கும் இது நல்லது. அடிக்கடி அவரைப் பார்ப்பீர்கள், மாற்றம் ஏதாவது இருந்தால் அடுத்த விடுமுறை வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நீலவானம்

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது. தூக்கம் ஓரளவு சரியாகிவிட்டது. கனம் முழுசாகப் போகவில்லை, கூடுதேடி சொன்னது போலத்தான். ஆனால் இப்போது அது எங்கே இருக்கிறது என்று தெரிகிறது.

பின்வாசல், நீங்கள் சொன்ன மாதிரியே அக்காவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னாள், அம்மா ஒரு நாள் அடுப்பை அணைக்காமல் தூங்கிவிட்டாராம், அப்பா இரண்டு முறை விழுந்திருக்கிறாராம். எனக்குத் தெரிந்தால் நான் தவிப்பேன் என்று யாரும் சொல்லவில்லை. இனி எதையும் மறைப்பதில்லை என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். நான் கவனித்ததை எழுதி அனுப்பினேன், அவள் கவனித்ததைச் சேர்த்தாள். வரும் வாரம் இருவரையும் மருத்துவரிடம் அழைத்துப் போகிறாள், நான் போனில் இருப்பேன். வீட்டுச் செலவுக் கணக்கு, கட்டணம் கட்டுவது எல்லாம் இனி என் பொறுப்பு.

தோழிக்கும் எழுதினேன். அவளும் அந்த மௌனத்தை நினைத்துக்கொண்டே இருந்தாளாம். ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போகும்போது பேசிக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். இடம் மாறும் பேச்சைக் கணவரும் நானும் ஆறு மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். அதற்குள் பண்டிகையோ விடுமுறையோ இல்லாத ஒரு சாதாரண வாரத்தில் நான் மட்டும் போய் இருந்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன்.

இரவுப்பணி அக்கா, ஒரு சந்தேகம். மருத்துவரிடம் போகும் வரை அப்பாவுக்கு வீட்டில் என்ன மாற்றம் செய்யச் சொல்லலாம்?

இரவுப்பணி

விழுந்தபோது தலையில் அடிபட்டதா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறாரா என்று முதலில் கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் நாளைக்கே காட்டச் சொல்லுங்கள். தலையில் பட்டது சமீபத்தில் என்றால் இன்றைக்கே. வீட்டைப் பொறுத்தவரை, தரையில் கிடக்கும் விரிப்புகளையும் ஒயர்களையும் எடுத்துவிட வேண்டும். படுக்கையிலிருந்து கழிவறை வரை ராத்திரி எரியும் சின்ன விளக்கு வேண்டும். குளியலறையில் சுவரில் திருகி மாட்டும் கைப்பிடி வையுங்கள், உறிஞ்சி ஒட்டும் வகை வேண்டாம், அது கழன்றுவிடும். வீட்டுக்குள் குதிகாலை மூடிய, வழுக்காத செருப்பு. படுக்கையிலிருந்து எழுந்ததும் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு நிற்கச் சொல்லுங்கள். ஊன்றுகோலை அளவு பார்க்காமல் வாங்க வேண்டாம், மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ உயரம் பார்த்துச் சொல்லட்டும்.